நிலைப்படியில் ஒரு தும்மல்

நிலைப்படியில் வாண்டு மறுபடியும் தும்மியது. வெளியே வைத்த காலைச் சம்பூரணம் உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஒக்காருங்க" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. அர்த்தநாரி உட்கார்ந்தான். வேறென்ன செய்வது. விடிந்ததிலிருந்து இதே வேலையாகத்தான் இருக்கிறது. புறப்படுவது, நாய் தும்முவது, திரும்பி வந்து பாயில் உட்கார்வது, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, மறுபடி புறப்படுவது. தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் வாண்டு முகத்தைத் தரையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே சுவரோரமாக நகர்ந்ததில் சிமெண்டுத் தரை நெடுக ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது, குழந்தை பென்சிலை வைத்து இழுத்ததுபோல. ரத்தம் இடது மூக்கிலிருந்து மட்டும்தான். வலது மூக்கு சுத்தமாக, ஈரமாக, எப்போதும்போலக் கறுப்பாக இருந்தது, பக்கத்து வீட்டில் நடப்பது தனக்குத் தெரியாது என்பதுபோல. தும்முகிறது என்றுதான் நாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். தும்முகிறது என்பதால்தான் கொண்டுபோக முடியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். தனித்தனியாக இரண்டும் சரியாகத்தான் இருந்தன. தறியில் சில நேரம் இப்படி ஆகும், பாவில் ஓர் இழை அறுந்து அடுத்த இழையோடு பின்னிக்கொள்ளும், இதை விடுவித்தால் அது அறும், அதை விடுவித்தால் இது. தறி என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டு வெளிச்சத்தில் வைத்து நகத்தால் பிரிக்கலாம். இங்கே எதை நிறுத்துவது.

"அக்கோவ், என்னாச்சு?" வெளியே ஆட்டோவை நிறுத்தாமல் உறும விட்டுக்கொண்டிருந்த சின்ராசு குரல் கொடுத்தான். அடுத்த லைன் வீட்டுக்காரன், நாய் என்றதும் மூஞ்சியைச் சுளிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவன். "தும்மிருச்சு" என்றாள் சம்பூரணம். "மறுக்காவா? ஏனக்கா, நாயி தும்முதுன்னுதான் டாக்டர்கிட்டப் போறோம். தும்மாத நாயா இருந்தா நாம எதுக்குப் போறோம், ஊட்ல கெடந்து தூங்கலாமே." "நீ பேசாம இரு சின்ராசு." "பேசலீங். பன்னெண்டு மணியாச்சுன்னா டாக்டரம்மா பையத் தூக்கிட்டுக் கெளம்பிரும், அதத்தான் சொன்னேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம வேற." "ஒரு டம்ளர் தண்ணி குடிக்கற நேரம். உனக்கும் கொண்டாரட்டா?" "வேண்டாங்க்கா சாமி, உங்கூட்டுத் தண்ணி வயித்துல தளும்புது, இனி பெட்ரோல் டேங்குலதான் ஊத்தோணும்." அர்த்தநாரி மறுபடி சிரிக்கப் பார்த்தான். சம்பூரணம் சிரிக்கவில்லை. அவள் வாண்டுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாண்டு முன்னங்காலால் மூக்கைத் தட்டியது, தட்டியது, பின் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நிறுத்திவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றது. ஏதோ சொன்னது காதில் விழாமல் இன்னொரு தரம் சொல் என்று கேட்கிற மனிதனைப்போல.

நேற்றுச் சாயங்காலம் அது இப்படி நிற்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் அது ஓடியது. லைன் வீடுகளுக்குப் பின்னால் சைட்டுப் போட்டு விற்காமல் கிடக்கும் காடு, வெள்ளைக் கல்லெல்லாம் புல்லுக்குள் மூழ்கிப்போன காடு, அங்கே மயில் ஒன்று இறங்கியதைப் பார்த்ததும் அது கயிற்றை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. பங்குனி வெயிலில் காய்ந்த ஊசிப்புல் இடுப்பளவு. வேட்டி ஓரத்தில் தைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வருமே, ஒரு நுனி ஊசியாகவும் மறுநுனி வாலாகவும் இருக்குமே, அந்தப் புல். புல்லுக்கு மேலே நாயின் முதுகு தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. மயில் சலிப்போடு எழும்பிச் சுவரில் போய் உட்கார்ந்தது. நாய் மயில் நின்ற இடத்தில் மூக்கைப் புதைத்து, மண்ணையே உறிஞ்சிவிடுவதுபோல் மோந்து மோந்து பார்த்தது. அந்த நேரத்தில் அவன் சந்தோஷமாக இருந்தான். மோந்து பார் வாண்டு, நல்லா மோந்து பார் என்று அவன்தான் சொன்னான். அப்போதுதான் முதல் தும்மல். பிறகு சரமாய்த் தும்மல், மூக்கு தரையில் போய் இடிக்கிற அளவுக்கு. அவன் "நூறு" என்றான். குழந்தை தும்மினால் சொல்வதில்லையா, ஆயுசு நூறு என்று, அப்படி. அடுத்ததற்கும் நூறு என்றான். அதற்கும் அடுத்ததற்குச் சொல்லவில்லை, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. தூசி என்று நினைத்தான். அவனுக்குத் தெரிந்த தும்மல் எல்லாம் தூசித் தும்மல்தான். தறிக்குடோனில் இருபக்கமும் தறி ஓட, பஞ்சு மழைபோல் இறங்கும், புருவத்தில், காது மயிரில், எண்ணெய் வைத்த தலையில். தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் கண்ணில் நூலைக் கோக்க வாயை வைத்து உறிஞ்சுவார்கள், நூலோடு பஞ்சும் வரும், அதுவும் உள்ளேதான் போகும். இத்தனை வருஷம் உறிஞ்சியதில் நெஞ்சுக்குள் ஒரு தலையணை தைத்திருக்கலாம். அவன் தும்முவான், துண்டால் துடைப்பான், அடுத்த தறிக்குப் போவான். அதுபோல நாயும் தும்மும், துடைத்துக்கொள்ளும் என்று நினைத்தான். நாய்க்குத் துண்டு கிடையாது என்று தோன்றவில்லை. காலையில் வந்து பார்த்தால் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம். விடியவிடிய சம்பூரணம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறாள். அந்தக் காரம் வேறு வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் குடிங்க" என்றாள். குடித்தான். அவள் அவனிடம் பேசும் வார்த்தைகள் இப்படித்தான் இருக்கும், குடிங்க, ஒக்காருங்க, சோறு இருக்கு, கதவச் சாத்துங்க. மீதி எல்லாம் நாயிடம். அவன் பகலில் தூங்குகிறபோது, தூக்கம் வராமல் கண்ணை மூடிக் கிடக்கிறபோது, அந்தப் பேச்சு காதில் விழும். இந்தக் கீரையப் பாரு வாண்டு, எல்லாம் பூச்சி. அந்த கோகிலா என்ன சொன்னா தெரியுமா. இன்னிக்கு முட்டி வலி எச்சா இருக்குதடா. நாய் காதை மட்டும் அசைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும். மகன் பூபதியின் கருமாதி அன்று எச்சில் இலைக்கு வந்த நாய் அது. மற்ற நாய்கள் தின்றுவிட்டுப் போயின, இது போகவில்லை. எலும்பும் தோலுமாக, ஒரு காது கிழிந்து, பந்தல்காலடியில் படுத்துக்கொண்டது. பந்தலைப் பிரித்தபோதும் எழுந்திருக்கவில்லை. யாரோ கல்லை எடுத்தார்கள், சம்பூரணம் "உடுங்க" என்றாள். மகன் போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது, அதற்கு முன்னால் ஒப்பாரிதான். மகன்தான் வந்திருக்கிறான் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அர்த்தநாரி மறுத்திருப்பான். வாலிபத்தில் பகுத்தறிவுக் கூட்டங்களுக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவன், கிளை நூலகத்தில் உயிர் என்றால் என்ன, மூளை என்றால் என்ன என்று தேடித் தேடிப் படித்தவன், ராகுகாலத்தில் தாலி கட்டியவன். அவள் சொல்லாமல் விட்டதால் மறுக்கவும் வழியில்லாமல் போயிற்று. நாய் போய்விட்டால் அவள் யாரிடம் பேசுவாள். அதைத்தான் அவன் நினைக்கக் கூடாது என்று இருந்தான், நினைத்துவிட்டான். இந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த நாயின் கிழிந்த காதுக்குள் போய்க்கொண்டிருக்கிற சத்தம். அது நின்றால் பகல் எப்படி இருக்கும். தறிக்குடோனில் கரண்டு போனதும் திடீரென்று ஒரு அமைதி வருமே, ஆட்களெல்லாம் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூசுகிற அமைதி, அது வரும், வந்து போகாது.

சரி, எழுந்து, இதெல்லாம் மடத்தனம், வா போகலாம் என்று சொல்லவேண்டியதுதானே. ஒரே ஒரு தரம் அதட்டினால் போதும். சின்ராசுவே அதட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். அர்த்தநாரி டம்ளரைத் தரையில் வைத்தான், மறுபடி எடுத்துக்கொண்டான். உள்ளே எப்போதும் ஒரு முடிச்சு. எங்கே சுற்றினாலும் மனசு அங்கே வந்துதான் இடிக்கும். அன்று காலை. அவன் அப்போதுதான் நைட் ஷிப்டு முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். பூபதி வண்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான், ஈரோட்டில் வேலை, தாமதமாகப் போனால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வைவான். சம்பூரணம் டிபன் பாக்ஸைக் கொடுக்க நிலைப்படியில் நின்றாள். அந்த நேரம் பார்த்து அர்த்தநாரியின் மூக்குக்குள் பஞ்சு நெளிந்தது. தும்மல் வந்தது. வந்துவிட்டது என்றே சொல்லலாம், மேலே எழும்பி, கண்ணை இடுக்க வைத்து, வாயைத் திறக்க வைத்து. தும்மினால் அவள் பையனை விடமாட்டாள், உட்கார், தண்ணி குடி என்பாள், பையன் முணுமுணுப்பான், நேரமாகும், எல்லாருக்கும் காலையிலேயே மூஞ்சி கோணும். அதனால் துண்டை மூக்கில் வைத்து அழுத்தி அதை விழுங்கினான். அவ்வளவுதான். தும்மல் காதுக்குள் போய் அடைத்தது, கண்ணில் தண்ணீராக வந்தது. பூபதி அதைப் பார்த்துவிட்டான். "என்னப்பா, அழுவறீங்களா? சாயந்திரம் வந்துருவேன்" என்று சிரித்தான். வண்டி தெருமுனையில் திரும்பியது. பவானி ரோட்டு வளைவில் லாரி வந்துகொண்டிருந்தது.

சகுனம் கிடையாது. தும்மலுக்கும் லாரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை அவன் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லுவான். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறதே. அது மூடநம்பிக்கை இல்லையே. அது நேரம். தும்மியிருந்தால் பையன் உள்ளே வந்திருப்பான், உட்கார்ந்திருப்பான், அம்மாவைத் திட்டிக்கொண்டே தண்ணீரைக் குடித்திருப்பான், அதற்குள் அந்த லாரி அந்த வளைவைத் தாண்டி அதன் பாட்டுக்குப் போயிருக்கும். இதை எந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மறுப்பது. எத்தனையோ பகல் படுத்துக்கொண்டு மறுத்துப் பார்த்திருக்கிறான். தும்மி, பையன் தாமதமாகிப் போய், வேறொரு லாரி வந்திருந்தால்? வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். மறுப்பு அந்த வராமலும் என்கிற சொல்லில் போய்த் தடுக்கி விழும், எழுந்து மறுபடி வாசலுக்கு வரும், துண்டு, மூக்கு, பையனின் சிரிப்பு. எழவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சம்பூரணம் ஒன்றையே சொல்லி அழுதாள். ஒரு தும்மல்கூட இல்லியே, ஒரு பூனகூடக் குறுக்க வல்லியே, எனக்கு ஒரு சாடகூடக் காட்டலியே அந்தக் கடவுள். அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். அன்றிலிருந்துதான் அவள் ஒரு தும்மலையும் விடுவதில்லை. தனக்குக் காட்டாமல் விட்ட சாடையை இனி ஒன்றுகூடத் தவறவிடக் கூடாது என்று காத்துக்கொண்டிருக்கிறாள். காட்டத்தான் செய்தது சம்பூரணம், நான்தான் முழுங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது. சொல்லாமல் எப்படி அதட்டுவது.

"போலாமா" என்றாள். எழுந்தார்கள். வாண்டுவை அவளே தூக்கிக்கொண்டாள். நிலைப்படிக்கு ஓரடி இருக்கும்போது நாயின் மேலுதடு சுருங்கியது, முதுகு ஏறி இறங்கியது, தும்மல் அவள் கழுத்தில் ரத்தப் புள்ளிகளாகத் தெறித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே திரும்பினாள். சின்ராசு ஆட்டோவை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். வெயில் நிலைப்படி வரைக்கும் வந்திருந்தது, மணி பதினொன்றுக்கு மேல் இருக்கும். அவள் டம்ளரைத் தேடிக்கொண்டு உள்ளே போனபோது, அர்த்தநாரிக்குள் ஏதோ ஒன்று மிகவும் சாதாரணமாக நடந்தது. யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. தறியில் இழை அறுந்ததும் கை தானாகப் போகுமே, அப்படி. "கொண்டா, நான் தூக்கறேன், நீ முந்திப் போ" என்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாயைச் சுற்றினான், தலைக்கு மேலாகவும் ஒரு சுற்று. துண்டோடு அவன் வலதுகை நாயின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது. கைக்குள் சூடாக, ஈரமாக, மூச்சு முட்டி முட்டித் திரும்பியது. படியில் கால் வைக்கும்போது தும்மல் வந்தது. அவன் உள்ளங்கையில் அது வந்து இடித்தது, வழியில்லாமல் திரும்பி உள்ளே போனது, நாய்க்குள் இன்னொரு நாய் துள்ளுவதுபோல் உடம்பு துள்ளியது. மறுபடி இடித்தது. மறுபடி. துண்டு இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அது அவனைப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சம்பூரணம் முன்னால் நடந்துகொண்டிருந்தாள், காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு. சத்தம் வரவில்லை. படி தாண்டியது, வாசல் தாண்டியது, கோகிலா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தாண்டியது. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கையை எடுத்தான். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. தும்மவில்லை.

"பாத்தீங்களா" என்றாள் சம்பூரணம். "நின்னுருச்சு." "ம்" என்றான். "சாமி கண்ணத் தொறந்துருச்சுங்க. சின்ராசு, நின்னுருச்சுடா." "கெட்டிக்கார நாயிக்கா, ஆஸ்பத்திரிக்குப் போற பயத்துல தும்மலே நின்னுபோச்சு பாரு. பள்ளிக்கூடம் போறப்ப எனக்கு வவுத்துவலி வரும், இதுக்குத் தலகீழா." அவள் சிரித்தாள். அர்த்தநாரி அவளைத் திரும்பிப் பார்த்தான். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை, எப்போது விழுந்தது. "நீங்க விடிஞ்சதுல இருந்து கண்ணு மூடலியே" என்றாள் அவனிடம், நாயிடம் இல்லை, அவனிடம்தான். "போனதும் சோத்தத் தின்னுபோட்டுப் படுங்க. முருங்கக்கா கெடக்குது, கொழம்பு வெக்கறேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம, உங்களுக்கு ஷிப்டு இல்லீல்ல? கோயலுக்கு வாங்கன்னா வரமாட்டீங்க. சும்மா வெளிய நில்லுங்க, நான் மட்டும் உள்ள போயிட்டு வந்தர்றேன்." காற்று அவள் முந்தானையை அவன் முகத்தில் போட்டது. ரோடெல்லாம் சாயப்பட்டறை வாடை. அவனுக்கு அந்த வழி நீண்டுகொண்டே போகக் கூடாதா என்று இருந்தது. ஆஸ்பத்திரி வராமல், பன்னெண்டு அடிக்காமல், நாய் தும்மாமல், அவள் பேசிக்கொண்டே. அப்படி நினைத்த உடனேயே மடியில் நாயின் கனம் தெரிந்தது. அது அசையவில்லை. தலையை முன்னைவிட அதிகமாகச் சாய்த்து வைத்திருந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், வேட்டியில் துடைத்துக்கொண்டான், மறுபடி திருப்பிப் பார்த்தான். நின்றுவிட்டது, நல்லதுதானே. நின்றால் நல்லதுதான். நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தான், சொல்லச் சொல்ல அந்தச் சொல் பஞ்சுபோல் வாய்க்குள் ஊறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா கிளம்பப் பையைக் கையில் எடுத்துவிட்டாள், இவர்களைப் பார்த்ததும் கீழே வைத்தாள். பூபதி இருந்திருந்தால் அவன் வயதுதான் இருக்கும், சிறுபெண். நாயை மேஜையில் படுக்க வைக்கச் சொல்லி, டார்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தாள். எங்கே விளையாடியது என்று கேட்டாள். புல் என்றதும் தலையை ஆட்டினாள். "நேத்து சாயந்திரத்துல இருந்து தும்மலா? இப்ப தும்மக் காணோமே." "நின்னுருச்சுங்கம்மா" என்றாள் சம்பூரணம், பரிட்சையில் பாசான பிள்ளையைச் சொல்வதுபோல. "ஊட்ட உட்டுக் கெளம்புனதுல இருந்து ஒண்ணுகூட இல்லீங்." "அதுதாம்மா எனக்குப் பிடிக்கல" என்றாள் டாக்டர். டார்ச்சை அணைத்தாள். "அந்தப் புல்லு விதை மூக்குக்குள்ள ஏறியிருக்குது. அதுக்குப் பின்பக்கமாச் சாஞ்ச முள்ளு இருக்கும். முன்னால மட்டுந்தான் போகும், பின்னால வராது. தும்மித் தும்மித்தான் நாய் அத வெளிய தள்ளப் பாக்கும். நேத்தே வந்திருந்தா, ஏன், காலைல வந்திருந்தாக்கூட நானே பிடிச்சு இழுத்திருப்பேன். இப்பக் கண்ணுக்கே தெரியாத ஆழத்துக்குப் போயிருச்சு. கண்ணுக்குப் பின்னால போயிரும், மூளைகிட்டயே போயிரும். தலையச் சாய்ச்சு வெச்சிருக்குது பாருங்க." பிறகு அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாராவது மூக்க அமுக்கிப் பிடிச்சீங்களா?" "இல்லீங்க" என்றான் அர்த்தநாரி. உடனே சொன்னான். கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டதுபோல் அவன் காதுக்கே கேட்டது. "நாமக்கல்லுக்குக் கொண்டு போயிருங்க. மயக்கம் குடுத்து, குழாய் விட்டுப் பாத்து எடுக்கணும், இங்க அந்த வசதி இல்ல. இப்பவே கெளம்புங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவு நல்லது."

சம்பூரணம் மேஜையிலிருந்த துண்டை எடுத்தாள். நாயைச் சுற்றுவதற்காக விரித்தாள், விரித்தபடியே நின்றாள். துண்டின் நடுவில் ரத்தம் ஒரு கையின் அளவுக்குப் பிடித்திருந்தது, விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக. அவள் அதைப் பார்த்தாள். அவன் கையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை. துண்டை நான்காக மடித்து, ரத்தம் உள்ளே போகும்படி மடித்து, மேஜை ஓரத்தில் வைத்தாள். முந்தானையை உருவி அதில் வாண்டுவைச் சுற்றித் தூக்கிக்கொண்டாள். ஏதாவது சொல்லுவாள் என்று அவன் நின்றான். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், ஏங்க இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அன்றைய காலை வரைக்கும் போய்விடலாம், எல்லாவற்றையும் அவள் காலடியில் கொட்டிவிடலாம். அவள் வாசலை நோக்கி நடந்தாள். நாயிடம்கூட ஒன்றும் பேசவில்லை. ஆட்டோ உயிர் பெற்றது. அவன் பின்னாலேயே நடந்தான், அப்போது மருந்து வாடையோ, மூக்கில் தங்கியிருந்த பஞ்சோ, எதுவோ ஒன்று உள்ளே நெளிந்தது. எழும்பியது. கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் துண்டு இல்லை. அவள் வாசற்படியில் காலை வைத்தபோது அவன் தும்மினான். அடக்கிவைத்த அத்தனையும் சேர்ந்து வந்ததுபோல், கட்டடமே திரும்பிப் பார்க்கிற தும்மல்.

சம்பூரணம் நின்றாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அவனும் நின்றான். இப்போது திரும்புவாள், பெஞ்சில் உட்காருவாள், ஒக்காருங்க என்பாள். நாய்க்கு நேரம் போய்க்கொண்டிருக்கும், ஆனாலும் உட்காருவாள், அது நிச்சயம், உலகத்தில் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அவள் முந்தானையை நாயின் தலைக்கு மேல் இழுத்து விட்டாள். படியிறங்கினாள். "வர்றதுன்னா வாங்க" என்றாள், திரும்பாமல். வெயிலில் இறங்கி, ஆட்டோவுக்குள் குனிந்து, ஏறி உட்கார்ந்தாள். அப்படியானால் தாண்டலாம் போலிருக்கிறது. தும்மலுக்குப் பிறகும் படி படியாகத்தான் இருக்கிறது, காலை வைத்தால் கால் இறங்குகிறது. நம்பியவள் தாண்டிவிட்டாள். அவனும் ஒரு காலை எடுத்தான். எடுத்த கால் எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது, திரும்பி உள்ளேயே வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தான். "அண்ணா, வாங்கண்ணா, மணி ஆவுது" என்று சின்ராசு கத்தினான். ஹாரனை அடித்தான், விட்டு விட்டு அடித்தான். ஆட்டோவுக்குள்ளிருந்து சம்பூரணத்தின் குரல் ஏதோ சொன்னது, எடு என்று சொல்லியிருக்கலாம். ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு கேட்டுக்கு வெளியே திரும்பியது. "ஏனுங்க, உங்களத்தான், உங்க சம்சாரம் போறாங்க பாருங்க" என்று கதவைப் பூட்ட வந்த டாக்டரம்மா சொன்னாள். அர்த்தநாரி அவளை நிமிர்ந்து பார்த்தான். "சித்த இருங்கம்மா" என்றான். "ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பிர்றேன்."